திருப்பணி நிறைவு அறிக்கை: கோபுரமும் உழவாரக் கட்டளையும்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

குடமுருட்டிக் கரையிலுள்ள நம் சிவன் கோயிலின் மகா கும்பாபிஷேகம் சென்ற ஆவணி மாதம் நல்லபடியாக நடந்தேறியது. யாகசாலை, ஓதுவார் முழக்கம், அன்னதானம் எல்லாவற்றையும் நேரில் கண்டவர்கள் நீங்கள். அவற்றை மறுபடி வர்ணிக்கவில்லை. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு கோயில் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கோபுர வேலை ஏன் இவ்வளவு இழுத்தது, அமெரிக்காவில் இதய மருத்துவராக இருந்த நம்மூர் டாக்டரின் குடும்பத்து உபயம் எந்த வழியில் வந்தது என்ற இரண்டு கேள்விகளே கூட்டங்களில் அதிகம் எழுந்தன. அவற்றுக்குத்தான் இங்கே விரிவாகப் பதில் சொல்கிறோம்.

முந்தைய திருப்பணியில் மூன்று நிலைக் கோபுரத்தின் விரிசல்களைச் சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் போர்த்திய சிமென்ட் விடாது. உள்ளே தங்கிய நீர் செங்கல்லை உளுக்க வைத்தது. உளுத்த இடத்தில் காக்கை எச்சத்தோடு விழுந்த அரச விதை வேர்விட்டது. வெளியே தெரிந்தது இரண்டு முழச் செடி. வேரோ இரண்டாம் நிலையின் உட்சுவர் வரை போயிருந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் கரையேறியபோது, கிழக்கு முகத் துவாரபாலகரின் சுதைக் கை முறிந்து விழுந்தது. அதன் பிறகே நாம் அண்ணாந்து பார்த்தோம்.

அடுத்த தை மாதம் ஊருக்கு வந்திருந்த டாக்டர் ஐயா, உடைந்த கையைப் பற்றிக் கேட்கவில்லை. செடி முளைத்த வருஷம் அதைப் பிடுங்கவேண்டிய பொறுப்பு யாருடையது என்று கேட்டார். அப்படி ஒரு பொறுப்பு யாருக்கும் இருந்ததில்லை என்பதே உண்மை.

அவரைப் பற்றி இளைய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். இவ்வூர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் மகன். 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் தொடக்க கால மாணவர்களில் ஒருவர். குடியேற வருவோருக்கு அமெரிக்கா முன்பு நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்திருந்தது. இந்தியாவுக்கு 1946 முதல் ஆண்டுக்கு நூறு பேர்தான். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, தொழில் தெரிந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த வழியில் கடல் கடந்த மருத்துவர் கூட்டத்தில் இவரும் போனார். ஒஹையோ மாநிலத்தில் இதய அறுவை பயின்று, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அந்த மாநிலத்துக் கிளீவ்லாண்டில்தான் 1967இல் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினாக்காரர், காலிலிருந்து எடுத்த ரத்த நாளத்தை வைத்து அடைபட்ட இதய ரத்தக்குழாய்க்கு மாற்றுவழி போடும் பைபாஸ் முறையை நிலைநிறுத்தினார். நம்மவர் போய்ச் சேர்வதற்குள் ஃபவலோரோ 1971இல் தாய்நாடு திரும்பிவிட்டார். நேரில் பார்க்காத அந்த மனிதரைப் பற்றி டாக்டர் ஐயா நம் நூலகத்தில் ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறார். அவர் வியந்தது பைபாஸை அல்ல. அமெரிக்கா போவதற்கு முன் ஃபவலோரோ பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு குக்கிராமத்தில் சாதாரண வைத்தியராக இருந்து, மருத்துவச்சிகளுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சுகாதாரம் கற்றுக்கொடுத்ததைத்தான் வியந்தார். ஒருவர் எழுந்து, அவர் திரும்பிவிட்டாரே, நீங்கள் ஏன் திரும்பவில்லை என்று கேட்டார். திரும்பும் துணிவு தமக்கு இல்லை என்று டாக்டர் ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஊரில் சிலருக்கு அந்த மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. அது நியாயமில்லை என்று குழு சொல்லாது.

திரும்பாவிட்டாலும், தை மாதந்தோறும் வசந்த மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். அவர் தேடியது ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போன தடத்தை. தொண்டைப் புண்ணாகத் தொடங்கும், முழங்கால் வீங்கி வடியும், வீட்டார் மறந்துவிடுவார்கள். மூட்டுகளை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. இதய வால்வு தடித்துச் சுருங்கிய பிறகு, பெண்களுக்குப் பெரும்பாலும் முதல் பிரசவத்தில்தான் மூச்சு முட்டித் தெரியவரும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போதும். ஆனால் பல ஆண்டுகள் விடாமல் போடவேண்டும்.

அறுவை தேவைப்பட்டவர்களுக்குத் தாமே பணம் கட்டினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வின் மேல் அவருக்குத் தனிப் பெருமை. வெளிநாட்டு வால்வைவிட விலை மிகக் குறைவு, வேலையில் குறைவில்லை என்பார். ஆனால் அதைவிடப் பிடிவாதமாக அவர் செலவு செய்தது யார் கண்ணுக்கும் படாத ஒன்றுக்கு. செயற்கை வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடவேண்டும். அளவு சரியா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். கீரையைக்கூட ஒரு நாள் மலையாகவும் மறுவாரம் இல்லாமலும் சாப்பிடக்கூடாது. தஞ்சாவூருக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கும் அன்றைய கூலி இழப்புக்கும் பயந்து பரிசோதனையை விட்டவர்கள் உண்டு. அந்தக் கட்டணத்தையும் கூலியையும் அவர் கொடுத்தார். இன்றும் அவர் தங்கை கையால் அது போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது உபயத்துக்கு வருவோம். டாலர் எவ்வளவு வந்தது என்று கேட்டவர்களுக்கு: ஒன்றும் வரவில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர் பணம் வெளிநாட்டு நிதி. அதை வாங்கும் பதிவு நம் குழுவுக்குக் கிடையாது. பூர்வீக மனையில் தமக்குள்ள பாகத்தை அவர் புயலுக்கு வெகுகாலம் முன்பே தங்கைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் மனையை விற்று, தம் பெயரில், வங்கி வழியாக, அறநிலையத்துறை அனுமதியோடு உபயம் செய்தார். ரசீது நகல் அலுவலகத்தில் இருக்கிறது.

அந்த அம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார். அது அண்ணன் சொல்லிக்கொடுத்தது என்பதை மறைக்கவும் இல்லை. மொத்தத் தொகையில் கால் பங்கைக் கோயில் பெயரில் வைப்பாகப் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் பராமரிப்பு மட்டும் செய்யவேண்டும்; வைப்புப் போட்ட பிறகே மீதியை வேலைக்கு எடுக்கலாம். குழுவில் காரசாரமாக விவாதம் நடந்தது. இடிந்து நிற்கும் கோபுரத்தை வைத்துக்கொண்டு, இனி முளைக்கப்போகும் செடிக்குப் பணம் ஒதுக்குவதா என்று கேட்டோம். கடைசியில் ஒப்புக்கொண்டோம். கோயில்களில் புல் பூண்டு களைய அப்பர் கையில் பிடித்த கருவியின் பெயரால் உழவாரக் கட்டளை என்று பதிவாகியிருக்கிறது. டாக்டர் பெயரை முன்னால் சேர்க்கலாம் என்ற தீர்மானத்தைக் குடும்பம் ஏற்கவில்லை.

பிறகு வேலை. துறை வல்லுநர் குழு மணல் வீச்சுச் சுத்தத்துக்கு இடம் தரவில்லை, தண்ணீரும் தூரிகையும்தான். சிமென்டைப் பெயர்த்து, இரண்டாம் நிலையில் ஒரு பகுதியைப் பிரித்து, வேரை நுனிவரை எடுத்தார்கள். சுண்ணாம்பைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்தார்கள். இதற்கு அவசரம் உதவாது. ஸ்தபதியை நாம் அவசரப்படுத்தியதும் உதவவில்லை. ஆற்று மணலுக்கு அலைந்தது தனிக் கதை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சாரம் கட்டியபடியே வேலை நின்றது. அந்தக் காலத்தில்தான் டாக்டர் ஐயா ஒஹையோவில் காலமானார். விமானம் இல்லாததால் தங்கையால் போக முடியவில்லை.

கலசங்களில் புது வரகு நிரப்பி ஏற்றினோம். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் சேர்த்து இடித்த அஷ்டபந்தன மருந்து சாத்தப்பட்டது. விழா மேடையில் கருவறையையும் இதயத்தையும் ஒப்பிட்டுப் பலர் பேசினார்கள். டாக்டர் ஐயா இருந்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பார்.

கட்டளையின் முதல் ஆண்டு வட்டி வந்துவிட்டது. வடகிழக்கு மழை ஓய்ந்ததும், தை பிறக்குமுன், கோபுரம், விமானங்கள், மதில் மூன்றிலும் செடி களைய ஆள் பேசியாகிவிட்டது. ஏறுபவருக்குக் காப்பீடு உண்டு. தெற்கு மதிலில் சரிந்த பகுதி மட்டும் பாக்கி. அதன் மதிப்பீடு மார்கழிக் கூட்டத்தில் வைக்கப்படும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க விரும்புவோர் வெள்ளிக்கிழமைகளில் காலை பூஜைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு