வாயு மேகங்கள் மோதும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் விண்மீன்களின் பிறப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஆயினும், வாயு மேகம் தன் ஈர்ப்பு விசையால் தானே சுருங்கி விண்மீனாகிறது என்பதோடு அது நின்றுவிட்டது. சூரியனை ஒத்த விண்மீன்களுக்கு அந்த விளக்கம் பெரிதும் போதும். சூரியனைவிட இருபது மடங்கு நிறை கொண்டவற்றுக்குப் போதாது. அவை உருவாக, குறுகிய காலத்தில் ஏராளமான வாயு ஓரிடத்தில் குவிய வேண்டும். இரு மேகங்கள் மோதினால் அது கைகூடும்.

தனுசு ராசித் திசையில் உள்ள டிரிஃபிட் நெபுலா என்னும் ஒளிரும் வாயு, தூசி மேகம் இதற்கு நல்ல சான்று. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுவோ ஃபுகுயியும் அவரது குழுவினரும், சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள நான்டென்-2 தொலைநோக்கியின் துணையுடன், அங்குள்ள கார்பன் மோனாக்சைடு உமிழும் ரேடியோ அலைகளை ஆராய்ந்து, வெவ்வேறு வேகத்தில் நகரும் இரு மேகங்களை இனங்கண்டு 2011இல் அறிவித்தனர். ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதியதால்தான் அந்த நெபுலாவை ஒளிரச் செய்யும் பெரிய விண்மீன் பிறந்தது என்பது அவர்கள் முடிவு.

மோதல் என்றதும் வாயு சிதறிப்போகும் என்றுதான் தோன்றும், நடப்பதோ நேர்மாறு. மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த அம்மேகங்களில் ஒலி நொடிக்கு 0.2 கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், மோதல் வேகம் ஒலியைப் போல் ஐம்பது மடங்காகி, கடும் அதிர்ச்சி அலை எழுகிறது. அதில் சூடேறும் வாயு, அந்த வெப்பத்தைக் கதிர்வீச்சாக விரைவில் இழந்துவிடுவதால், திருப்பித் தள்ளும் வலுவின்றி மெல்லிய அடுக்காக இறுகுகிறது. கூடவே காந்தப்புலமும் கொந்தளிப்பும் மிகுவதால், அடுக்கு உடனே சிறு துண்டுகளாக உடையாமல், பெருநிறை சேர்ந்த பின்னரே சரிந்து விண்மீனாகிறது.

இதை எல்லா வானியலாளர்களும் எல்லா இடத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை. ஓரியன் நெபுலாவிலும் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் இத்தகைய மோதல் நிகழ்ந்ததாக ஃபுகுயி குழுவினர் 2018இல் கூறினர். ஆனால் ஒரே மேகத்தின் உள்ளசைவுகூட இரு வேகங்களாகத் தோன்றக்கூடும். ஆகவேதான் இரு வேகங்களுக்கும் இடைப்பட்ட வேகத்தில் ஓடி இரண்டையும் பாலம்போல் இணைக்கும் வாயுவை ஆய்வாளர்கள் தேடுகின்றனர்.

அந்தப் பாலம், வாயு எங்கெங்கே என்னென்ன வேகத்தில் நகர்கிறது என்று காட்டும் வேக வரைபடத்தில்தான் புலப்படும். நெபுலாக்களின் வண்ணப் படங்கள் கண்ணுக்கு விருந்துதான். எனினும், அடுத்த முறை அவற்றின் அருகே அத்தகைய வரைபடம் ஒன்றையும் சிறிதாகவேனும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வமுள்ள வாசகர்,
திருச்சிராப்பள்ளி.