ஃபைல் அனுப்பத் திரையைத் திறந்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் இலவச மென்பொருட்கள் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு பட்டியல் வந்திருந்தது. சிறு வியாபாரிகளுக்கு வேண்டிய செய்திதான். ஆனால் எனிடெஸ்க், புட்டி, ஃபைல்ஜில்லா மூன்றும் அதில் ஒரே வரிசையில் நின்றன, ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்பதுபோல. மூன்றும் மூன்று வேலை. முதலாவது, எதிர்முனையின் திரையையும் மவுஸையும் அப்படியே நம் கையில் கொடுப்பது. இரண்டாவது, கட்டளை தட்டுகிற கறுப்புத் திரை. மூன்றாவதுக்கு ஃபைலை ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை.

நம்மூர் சேலத்துத் தொழில்களில் பலருக்கும் வேண்டியது அந்த மூன்றாவதுதான். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்குக் கொலுசு டிசைன் போக வேண்டும். இளம்பிள்ளைத் தறிக்கு ஜக்கார்டு டிசைன் போக வேண்டும். ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டின் கூலிக் கணக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளை யாரும் ஏறி இறங்காமல், டவுனிலுள்ள ஆடிட்டருக்கு வந்து சேர வேண்டும். இதற்காகத் திரை முழுவதையும் திறந்துவிடுவது, பேப்பர் போட வரும் பையனிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்குச் சமம். போனில் பேசிப் பேசியே எனிடெஸ்கை நிறுவவைத்து வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அந்தச் செயலி கெட்டது என்பதல்ல. அது தருகிற அதிகாரம் அவ்வளவு பெரிது.

'இலவசம்' என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எனிடெஸ்க்கும் அதே வேலை செய்யும் டீம்வியூவரும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடையில் வைத்துத் தினமும் ஓட்டினால், இது வணிகப் பயன்பாடு என்று சந்தேகித்து இணைப்பைத் துண்டிக்கும், அதுவும் அவசர வேளையில்தான். புட்டி, அதே வகையான ஓப்பன்எஸ்எஸ்எச், ஃபைல்ஜில்லா, அதைப் போல ஃபைல் அனுப்பும் விண்எஸ்சிபி ஆகியவை கட்டற்ற மென்பொருட்கள். கடை, ஆலை, பள்ளி எங்கும் ஓட்டலாம், எத்தனை கணினியிலும் போடலாம். திரையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் அந்த வகையில் ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது. அதன் சர்வரை, அதாவது இரு முனைகளையும் இணைத்துவைக்கும் நடுக் கணினியை, நாமே நடத்தலாம்.

கட்டற்றது என்பதால் எங்கிருந்தும் எடுத்துப் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. தேடலில் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளில் போலிப் புட்டியும் போலி விண்எஸ்சிபியும் பலமுறை சிக்கியிருக்கின்றன. 'புட்டி டாட் ஆர்க்' என்ற முகவரியே புட்டியை எழுதியவர்களுடையது அல்ல; அதை எழுதிய சைமன் டாத்தமின் சொந்தப் பக்கத்திலிருந்துதான் இறக்க வேண்டும். ஃபைல்ஜில்லாவின் நிறுவியில் வேறு மென்பொருள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு, ஒவ்வொரு திரையையும் படித்துத் தள்ள வேண்டும். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்புகளிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் கூடவே வருகிறது. கட்டளை தட்டத் தயங்காதவருக்குப் புட்டியே தேவையில்லை.

அடுத்தது, எந்த நெறிமுறை, அதாவது இரு கணினிகளும் எந்த விதிப்படி பேசிக்கொள்கின்றன என்பது. கட்டளைக்கான பழைய டெல்நெட்டும் ஃபைலுக்கான எஃப்.டி.பி.யும் கடவுச்சொல்லை அப்படியே அம்மணமாகக் கம்பியில் அனுப்புபவை. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட பிறகுதான் அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு உலோனன், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச்.சை எழுதினார். அதன்மேல் ஓடி ஃபைலை அனுப்புவது எஸ்.எஃப்.டி.பி.; 22 என்ற ஒரே போர்ட் (கணினியின் இணைப்பு வாசல்) போதும். ஃபைல்ஜில்லாவின் தளப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் முதலில் நிற்பது எஃப்.டி.பி., அதனுடன் 'மறையாக்கம் கிடைத்தால் பயன்படுத்து' என்ற அமைப்பு. கிடைக்காவிட்டால் பழைய வழியிலேயே போய்விடக்கூடும். அந்தப் பெட்டியைத் திறந்து எஸ்.எஃப்.டி.பி. என்று மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

எஃப்.டி.பி.யில் இன்னொரு வில்லங்கம், ஃபைலை வெற்று உரை என்று எண்ணித் திருத்தி அனுப்பும் எழுத்து முறை, அப்படியே அனுப்பும் இரும முறை என்ற இரண்டு. எழுத்து முறையில் விண்டோஸிலிருந்து, லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சர்வருக்கு ஏற்றும்போது, 13, 10 என்று அடுத்தடுத்து வரும் பைட்டுகளை வரிமுடிவு என்று எண்ணி 13-ஐ விழுங்கிவிடும். கணக்கு எழுதிய வெற்று உரைக்கு இதனால் கேடில்லை. ஜக்கார்டு டிசைன் ஒரு பி.எம்.பி. படமானால், விழுங்கிய இடத்திலிருந்து ஒவ்வொரு வரியும் பக்கவாட்டில் நகர்ந்து புட்டாவும் பார்டரும் சாய்ந்து நிற்கும். எந்த முறை என்பதை ஃபைல்ஜில்லா, ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டைப் பார்த்து முடிவு செய்கிறது. பின்னொட்டே இல்லாத ஃபைலை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் அமைப்பும் அதில் உண்டு. இருபுறமும் ஃபைல் அளவைப் பைட் கணக்கில் ஒப்பிட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும். எஸ்.எஃப்.டி.பி.யில் வழக்கமாக இந்தத் தொல்லை இல்லை.

முதல்முறை இணையும்போது புட்டி எதிர்முனையின் விரல்ரேகையை, அதாவது அந்தச் சர்வரின் சாவியை அடையாளம் காட்டும் எழுத்து வரிசையைக் காட்டி, ஏற்கலாமா என்று கேட்கும். எல்லோரும் படிக்காமல் 'சரி' அழுத்தும் இடம் இது. சர்வர் பக்கத்தில் இருப்பவரைப் போனில் பிடித்து, முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டு எழுத்தையுமாவது படிக்கச் சொல்லி ஒத்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து 'சாவி மாறிவிட்டது' என்று எச்சரிக்கை வந்தால், அங்கே லினக்ஸை மறுபடி நிறுவினார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் கடவுச்சொல்லைத் தட்டவே வேண்டாம்.

சர்வருக்கு நம்மை அடையாளம் காட்டக் கடவுச்சொல்லைவிடச் சாவிக்கோப்பு நல்லது. ஈடி25519 வகையில் உருவாக்கி, அதற்கு ஒரு பூட்டுச்சொல்லும் போடுங்கள். பழைய புட்டியில் (0.68 முதல் 0.80 வரை) 521 பிட் ஈ.சி.டி.எஸ்.ஏ. வகைச் சாவி வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கியெறிய வேண்டும். இணையும்போது அந்தச் சாவி போடும் மின் கையொப்பங்களில் சுமார் 60 கிடைத்தால் அந்தச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்பது 2024 ஏப்ரலில் வெளிப்பட்டது. 0.81-க்கு மாறினால் மட்டும் போதாது, சாவியையும் மாற்ற வேண்டும். புதுச் சாவி போட்டும் சர்வர் ஏற்கவில்லையா? பெரும்பாலும் சர்வரில் உங்கள் கணக்குக்கான வீட்டு அடைவில் (ஃபோல்டரில்) மற்றவர் எழுத அனுமதி இருக்கும். அப்படி இருந்தால் சர்வர் காரணம் சொல்லாமல் மறுத்துவிடும்.

வெளியாருக்கு ஒரே ஒரு அடைவை மட்டும் திறந்துவிட ஓப்பன்எஸ்எஸ்எச்சில் வசதி உண்டு. எல்லோரும் தடுக்கி விழும் இடமும் அதுதான். பூட்டப்படும் அடைவு சர்வரின் தலைமைக் கணக்கான ரூட்டுக்குச் சொந்தமாகவும் மற்ற எவராலும் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடவுச்சொல்லை ஏற்ற மறுநொடி இணைப்பு அறுந்துவிடும். அதற்குள்ளே இன்னொரு அடைவு செய்து, அதை மட்டும் வாடிக்கையாளர் பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வர முடியவில்லை என்றால், ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொதுமுகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது. என்ன திறந்தாலும் வராது. கணினிகளுக்கிடையே தனிப் பாதை போட்டுத்தரும் டெய்ல்ஸ்கேல் போட்டுக்கொள்ளலாம், அல்லது பொதுமுகவரியுள்ள சிறு வாடகைச் சர்வரில் அதே வேலைக்கான வயர்கார்டு நிறுவலாம்.

ஏற்காட்டுக்காரர்கள் மழைக்காலத்தை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விநாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் 2 ஜி.பி. போக 27 நிமிடம் ஆகும். இடி இடித்தால் லைன் அதுவரை தாங்காது. எஸ்.எஸ்.எச். மேல் ஓடும் பழைய நகல் முறையான எஸ்.சி.பி. விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாதது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். விண்எஸ்சிபி, எஸ்.எஃப்.டி.பி.யில் இணைந்தால், 100 கே.பி.க்கு மேற்பட்ட ஃபைலைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, அறுந்தால் தொடரும், முடிந்த பிறகே உண்மைப் பெயர் வைக்கும். அதனால் பாதி ஏறிய ஃபைலை முழுசு என்று நம்பி யாரும் எடுத்துவிட முடியாது. சும்மா கிடக்கும்போதே புட்டி அறுந்தால், இணைப்பை உயிரோடு வைக்க இடையிடையே அனுப்பும் உயிர்ப்புச் சமிக்ஞை 0 என்றிருப்பதை 60 விநாடியாக்குங்கள். நீண்ட வேலையைச் சர்வரிலேயே இருக்கும் டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டினால், லைன் போனாலும் வேலை நிற்காது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. 'கொலுசு' என்ற அடைவு லினக்ஸில் ஏற்கெனவே இருக்க, அதையே பழைய மேக் கணினியிலிருந்து அங்கே நகலெடுத்தால், ஒரே பெயரில் இரண்டு அடைவு தெரியும். கண்ணுக்கு ஒன்றேதான். ஆனால் மேக்கின் பழைய வட்டு அமைப்பு 'கொ'வின் உயிர்க்குறியை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். மற்றவை ஒரே குறியாக வைக்கும். கோ, கௌ ஆகியவற்றுக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள் என்று கைகழுவ வேண்டியதில்லை. அடைவுகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கட்டளையின் 3-ஆம் பதிப்பிலிருந்து, பெயரின் எழுத்துக் குறியீட்டை மாற்றும் ஐகான்வ் என்ற விருப்பம் இருக்கிறது. மேக்கிலிருந்து அனுப்பும்போது இந்தப் பக்கம் 'யு.டி.எஃப்-8-மேக்', அந்தப் பக்கம் 'யு.டி.எஃப்-8' என்று கொடுத்தால் பெயரைச் சேர்த்தே கொண்டுபோகும். பல மேக்குகளில் கூடவே வந்த 2.6.9 பதிப்புக்கு அந்த விருப்பம் தெரியாது; புதியதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலிலுள்ள வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.