விலை திரையில் நிற்கட்டும்: மட்டக்களப்பு, அம்பாறை உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உணவகங்களும் தேநீர்க் கடைகளும் நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கமும் ஸலாமும்.

நான் மட்டக்களப்பு நகரில் அச்சு வடிவமைப்புத் தொழில் செய்பவன். கலியாண அட்டை, நினைவு மலர், கடைப் பெயர்ப்பலகை என்று தொடங்கிய எனது வேலையில், கடந்த சில ஆண்டுகளாக உணவகத் திரைகளுக்கான விலைப்பட்டியல்களும் சேர்ந்துகொண்டன. வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை பிரதான வீதியோரக் கடைகள் பலவற்றில் கௌண்டருக்கு மேலே இப்போது திரை தொங்குகிறது. அவற்றுள் சிலவற்றின் பக்கங்களை என் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே இந்த மடலில் நான் சொல்லும் குறைகளில் ஒரு பங்கு என்னுடையது.

சில மாதங்களுக்கு முன் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றுவிட்டு, காலைச் சாப்பாட்டுக்காக ஒரு கடைக்குள் நுழைந்தோம். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தமிழ் வாசிப்பார், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். திரைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 'பிட்டு, கோழிக் கறி' என்ற வரிக்கு வந்து விலையைப் பார்க்கத் தலையை வலப்பக்கம் திருப்பியபோது பக்கம் மாறிவிட்டது. ஆவி பறக்கும் கோப்பியின் காணொளி வந்தது, அதன் பின் பழச்சாறு, அதன் பின் பர்கர். பட்டியல் மறுபடி வந்ததும் அவர் முதல் வரியிலிருந்து தொடங்கினார், மறுபடியும் அதே இடத்தில் அது மறைந்தது. மூன்றாவது முறையும் அப்படியே நடந்தபோது, கையில் சுருட்டி வைத்திருந்த காசைப் பையில் போட்டுவிட்டு, தனக்கு ஒரு தேத்தண்ணி போதும் என்றார். பசியில்லையா என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "எப்பிடிக் கேக்குற மனே, விலை தெரியாம?" என்றார்.

அந்தத் திரையின் பக்கங்களைச் செய்தவன் நானே. ஒரு பக்கம் ஆறு வினாடி நிற்க வேண்டும் என்று கணினியில் குறித்ததும் நானே. பன்னிரண்டு வரிகள் கொண்ட பக்கத்துக்கு ஆறு வினாடி என்றால் ஒரு வரிக்கு அரை வினாடி. எனது மேசையில், எனது கண்ணுக்கு, எனக்கு முன்பே தெரிந்த பட்டியலுக்கு அது தாராளமாகத் தோன்றியது. கௌண்டருக்கு முன்னால் முதன்முறையாக நிற்கும் ஒருவருக்கு அது போதாது என்பதை நான் அதுவரை யோசிக்கவில்லை.

நீங்கள் திரைக்கு மாறியதன் நியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். 2022 இல் கோதுமை மா, எரிவாயு, எண்ணெய் எல்லாம் அடுத்தடுத்து ஏறியபோது, விலைப் பலகைகளில் ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி, கடைசியில் எந்த எண் உண்மையானது என்று பில் போடுபவருக்கே தெரியாத நிலை இருந்தது. ஒரே மாதத்தில் ஒரே கடைக்கு மூன்று தடவை விலை எண்களை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். திரையில் அந்த வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. பராட்டா தீர்ந்துவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம், மத்தியானச் சோற்றையும் இரவுக் கொத்தையும் நேரத்துக்கு ஏற்ப மாற்றலாம். இவை நல்ல வசதிகள். திரையைக் கழற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. விலை எழுதிய பக்கம் அசையாமல் நிற்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு, வியாபாரி தன்னிடம் விற்பனைக்குள்ள பொருட்களின் விலையைக் கண்ணில் படும்படி காட்சிப்படுத்த வேண்டும் என்று சொல்கிறது. சுண்ணாம்புச் சுவரில் சோக்கால் எழுதிய பட்டியல் அந்தக் கடமையைக் காலை முதல் இரவு வரை குறைவில்லாமல் செய்தது. நிமிடத்தில் பாதி நேரம் விளம்பரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் விலை, 'கண்ணில் படும்படி' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எனது எண்ணத்தில் அடங்காது.

ஒரு திரையில் எவ்வளவு எழுதலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்து அடி தூரத்திலிருந்து வாசிக்க வேண்டிய எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது பலகைத் தொழிலில் பழைய விதி. உங்கள் கடைகளில் பொதுவாக மாட்டப்படும் 43 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். தமிழுக்கு மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால், வரிக்கு வரி நாலரைச் சென்டிமீட்டராவது விட வேண்டியிருக்கிறது. அப்படி விட்டால் பதினொரு வரிகளுக்கு மேல் போகாது. ஆனால் எங்களிடம் வரும் பட்டியல்களில் நாற்பது, ஐம்பது பெயர்கள் இருக்கின்றன. அவற்றை ஒரே திரையில் அடைத்தால் எழுத்து எறும்பாகிவிடும், பக்கங்களாகப் பிரித்தால் அவை ஓடத் தொடங்கிவிடும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றே. ஒரு நாளில் அதிகம் விற்கும் பத்துப் பதினொரு உணவுகளை விலையோடு ஒரு திரையில் அசையாமல் வையுங்கள். படமும் காணொளியும் வேண்டுமென்றால் இரண்டாவது திரையில் ஓடட்டும். இரண்டாவது திரைக்குக் காசில்லை என்றால் காணொளியை விட்டுவிடுங்கள். மிச்சப் பட்டியல் முழுவதும் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாளில் கௌண்டரில் கிடக்கட்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்த் திரைகளில் அது படும் பாட்டைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கல்முனைப் பக்கம் ஒரு கடையில் 'கொத்து' என்ற சொல்லைப் பார்த்தேன். கொம்பும் அரவும் ககரத்தை விட்டு விலகி, நடுவில் ஒரு புள்ளிவட்டம் முளைத்து, வாசிக்க முடியாத ஏதோ ஒன்றாக அது நின்றது. எங்கள் பகுதியின் முதன்மையான இரவுச் சாப்பாட்டின் பெயரே திரையில் உடைந்து கிடக்கிறது. கடைக்காரர் எழுத்துப் பிழை விட்டதால் இது நடக்கவில்லை. தமிழில் எகரக் கொம்பு மெய்க்கு முன்னால் எழுதப்படும், ஆனால் கணினி அதை மெய்க்குப் பின்னாலேயே சேமிக்கிறது. காட்டும்போது அதை முன்னுக்குக் கொண்டுவந்து வைக்கும் வேலையைத் திரையை இயக்கும் மென்பொருள் செய்ய வேண்டும். திரையோடு இணைக்கும் மலிவான சில பெட்டிகளிலுள்ள செயலிகளுக்கு அது தெரியாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட்டில் தமிழ் 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எங்கள் கடைத் திரையில் எழுத்து உடைவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு பாமினிப் பழக்கமும் சேர்கிறது. எங்கள் தொழிலில் பலர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சுச் செய்கிறோம். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கருவிக்குக் கோப்பு போனால், தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாக மாறிவிடும். தாளில் அச்சடிக்கும்வரை இதனால் கெடுதல் இல்லை, விலையைக் கடையிலேயே மாற்ற வேண்டிய திரைக்கு அது ஆகாது. ஆகவே உங்கள் பட்டியலைச் செய்பவரிடம் யுனிகோட்டில் தரும்படி கேளுங்கள். பெட்டியின் செயலி எழுத்தை உடைத்தால், பக்கத்தைப் படமாக மாற்றித் தரும்படி சொல்லுங்கள், படமாகிவிட்ட எழுத்து எந்தத் திரையிலும் உடையாது. வேலைக்குக் காசு கொடுக்கும் முன், பென்ட்ரைவை உங்கள் கடைத் திரையிலேயே செருகி, எல்லாப் பெயர்களையும் ஒருவரைக் கொண்டு உரத்து வாசிக்கச் செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். ஆங்கிலப் பட்டியலை இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கிய ஒரு திரையில் இடியப்பம் 'சரம் ஹாப்பர்கள்' என்று வந்திருந்தது. இடியப்பம் அவித்து விற்கும் ஊரில், அதை வாங்க வந்த ஆச்சி அந்தச் சொல்லைத் தன் சாப்பாடு என்று எப்படிக் கண்டுகொள்வார்? அறுகம்பேயிலும் பாசிக்குடாவிலும் வெளிநாட்டவருக்காக ஆங்கிலம் மட்டும் ஓடும் திரைகளைக் காண்கிறேன். அம்பாறை நகரில் சிங்களத்தில் வாசிப்பவர்கள் அதிகம். மூன்று மொழியும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மொழிக்கு ஒரு பக்கமாகச் சுழற்றாதீர்கள். தமக்குத் தெரிந்த மொழி வரும்வரை யாரும் காத்துநிற்கக் கூடாது. ஒரே வரியில் தமிழ் பெரிதாகவும் மற்ற இரண்டும் அதன் கீழே சிறிதாகவும் இருக்க, விலையை ஒரு தடவை போட்டால் போதும். மூன்று மொழிக்காரரும் வாசிப்பது ஒரே எண்களைத்தானே.

மரக்கறியா, மாட்டிறைச்சியா, இறால் சேர்ந்ததா என்பதும் அதே வரியில் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவரும், ஹலால் பார்ப்பவரும், இறால் ஒவ்வாதவரும் ஒரே வரிசையில் நிற்கும் ஊர்கள் எங்களுடையவை.

விலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பெரிய உணவகங்களின் திரையில் கீழ் ஓரத்தில், கண்ணுக்கு எட்டாத எழுத்தில், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று இருக்கிறது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்தால், திரையில் 1,000 ரூபாய் என்று கண்ட சாப்பாடு பில்லில் 1,280 ரூபாய்க்குக் குறையாமல் வரும். சிறிய கடைகளில் பெரும்பாலானவை அந்த வரிக்கு உட்படாதவை, அவர்களிடம் இந்தக் குழப்பமும் இல்லை. வரி அறவிடும் உணவகங்கள், வாடிக்கையாளர் கொடுக்கப் போகும் முழுத் தொகையையே திரையில் பெரிதாகப் போட வேண்டும்.

திரை வந்ததும் விலையை மணிக்கு மணி மாற்றும் ஆசையும் வரலாம். அமெரிக்காவில் வென்டீஸ் என்ற துரித உணவு நிறுவனம் 2024 பெப்ரவரியில் டிஜிட்டல் விலைப்பலகைகளுக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர் செலவிடுவதாகவும், நேரத்துக்கேற்ப மாறும் விலையைப் பரீட்சிப்பதாகவும் சொன்னபோது எழுந்த எதிர்ப்பில், கூட்ட நேரத்தில் விலையை ஏற்றும் நோக்கம் தமக்கில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் ஊரில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள். நோன்பு திறக்கும் நேரத்திலோ திருவிழா இரவிலோ திரையில் எண் ஏறியிருப்பதை ஒருவர் கண்டால், அடுத்த நாள் ஊரெல்லாம் அந்தப் பேச்சுத்தான். ஓடர் கொடுத்த நேரத்தில் திரையில் இருந்த விலையே பில்லில் இருக்க வேண்டும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுத் தொலைக்காட்சியின் ஒளி பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸ் (திரையின் ஒளியை அளக்கும் அலகு) வரைதான். கிழக்குப் பார்த்த கடையின் வாசலில் காலை வெயில் விழும்போது அதில் ஒன்றும் தெரியாது, கண்ணாடிக்கு வெளியே காட்ட 2,000 நிட்ஸுக்கு மேல் வேண்டும். அவ்வளவு செலவழிப்பதைவிடத் திரையை உள்ளே, வெயில் படாத சுவரில் மாட்டுவது மேல். கொத்து அடிக்கும் தகட்டுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், எண்ணெய்ப் புகை உள்ளே போய்ப் படியும். கல்லடி போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று வயர் செருகும் துளைகளை அரித்துவிடுகிறது. மின்செலவும் சிறிதல்ல. 80 வாட் திரை நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் மாதம் ஏறத்தாழ 34 அலகுகள் வரும்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்டில், 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்ட நாட்டில், விலையை மின்சாரத்திடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. மின்சாரம் திரும்பி வந்த பின்னும் பல திரைகள் 'சிக்னல் இல்லை' என்று காட்டியபடி மத்தியானம்வரை நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மின் வந்ததும் தானாக எழுந்து பட்டியலைக் காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாவிட்டாலும் பென்ட்ரைவில் இருந்து ஓட விடலாம். அப்படியிருந்தும் ஒரு கரும்பலகை கடையில் இருக்க வேண்டும்.

திரையையும் எடுத்துவிட்டு, மேசையில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை மட்டும் வைத்திருக்கும் புதிய கோப்பிக் கடைகளுக்கும் இதையே சொல்கிறேன். பட்டன் தொலைபேசி வைத்திருப்பவருக்கும், டேட்டா தீர்ந்துபோனவருக்கும் அந்தக் கடையில் விலை என்ற ஒன்றே இல்லை.

அம்மா தேத்தண்ணியோடு எழுந்த அந்தக் கடையின் உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்லி, பட்டியலைப் புதிதாகச் செய்து கொடுத்தேன். பதினொரு வரி, அசையாத ஒரே பக்கம். அரை நாள் வேலை. இதுவரை நான் செய்து கொடுத்த மற்றப் பட்டியல்களையும் அதேபோல் கூலி வாங்காமல் மாற்றித் தருவேன். உரியவர்கள் பென்ட்ரைவையும் இன்றைய விலைகளையும் கொண்டுவந்தால் போதும். வேறு இடத்தில் செய்தவர்கள் தங்கள் வடிவமைப்பாளரிடம் இந்த மடலைக் காட்டுங்கள். அவருக்குப் பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றுவதில் சிரமம் இருந்தால், அவரோடு உட்கார்ந்து காட்டிக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
மட்டக்களப்பு நகரின் அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்