அந்த ஆரஞ்சுப் புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன முறை வந்திருந்தபோது "கொஞ்சம் ஷட் டவுன் பண்ணிடுங்கப்பா" என்று லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாய். பவர் குறியின் ஓரத்தில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. அழுத்தினால் 'அப்டேட் செய்து ஷட் டவுன்' என்று ஒன்று, வெறும் 'ஷட் டவுன்' என்று ஒன்று. என் கை முதலாவதற்குத்தான் போனது. ஆனால் உன் பொருளை உன்னைக் கேட்காமல் தொட மனசு வரவில்லை. சும்மா அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் புள்ளி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீ ஏன் தள்ளிப்போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆய்வேடு கொடுக்க இரண்டு நாள் இருக்கையில் பழைய கம்ப்யூட்டர் ராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆனதே. முப்பது சதவீதத்தில் அசையாமல் நின்ற திரையின் முன்னால் நீ அழுதாய், விடியும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சேவ் செய்யாத பக்கங்கள் போனது போனதுதான். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆபீசிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அப்டேட் வந்த அன்றே போட்டுவிட்டு எல்லோரையும் போடச் சொல்லுவார் ஒருவர். 'ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்' என்று மொத்தமாக நிறுத்தியே வைத்திருந்தார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி விட்டது. அன்று பொறுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆனால் அதற்கு முந்தின வருஷம் நடந்ததை நினைத்துப் பார். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை என்ற கெட்ட புரோகிராம் நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச், அதாவது திருத்தம், 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. மே 12 அன்று அது பரவியபோது, அந்த இரண்டு மாதமும் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மட்டும் சுமார் 19,000 சந்திப்புகளும் சிகிச்சைகளும் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஒரு பேட்ச் வெளியானதுமே, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு எங்கே ஓட்டை இருந்தது என்று திருடனும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கப்புறம் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அவனுக்குத்தான் லாபம்.

அதனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, கண்ணு. 2018-இல் வந்தது மாதிரியான புது வெர்ஷன் வேறு, ஓட்டையை அடைக்கிற பாதுகாப்புப் பேட்ச் வேறு. வெர்ஷனை ஒரு மாதம் கழித்துப் போடு, யார் என்ன சொன்னாலும் சரி. பேட்சை அப்படி விடாதே. விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸில் டெபியன் ஸ்டேபிள் என்று ஒரு வகை இருக்கிறது. புதுசு எதையும் அவசரப்பட்டுச் சேர்க்காது, நிதானத்துக்குப் பேர் போனது. அதைப் பார்த்துக்கொள்கிறவர்களே பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் காக்க வைப்பதில்லை.

மைக்ரோசாஃப்ட் அநேகமாக மாதத்தின் இரண்டாம் செவ்வாயில்தான் பேட்ச் விடுகிறது. நாள் முன்கூட்டியே தெரிவதால் உன் வேலைக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்ளலாம். அந்த வாரம் ஒரு ராத்திரி, முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு அதைக் கழற்றி வைத்துவிடு. சார்ஜரைச் செருகிவிட்டு, நீயே ரீஸ்டார்ட் கொடு. அது தன் இஷ்டத்துக்குச் செய்வதற்கும் நீ உட்கார்ந்து செய்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

முதல் தடவை பயமாக இருந்தால் ரீஸ்டார்ட் அழுத்தியதும் எனக்குப் போன் போடு. நூறு சதவீதம் வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா