ஒரே குறை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடி முடிந்ததை உறைமேல் இருந்த கையெழுத்திலேயே கண்டுகொண்டேன்; வரி நேராக ஓடுகிறது. மிகவும் மகிழ்ச்சி. இங்கே பினாங்கில், ஆயர் ஈத்தாமில் எல்லோரும் நலம்.

போன வாரம் பேத்தி கைபேசியைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். 'டிராபேக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். கட்டுரை என்றாலே 'நன்மை தீமைகள்' தானே. முதலில் 'தீமை' என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு 'பின்னடைவு' என்றாள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. "மாப்பிள்ளை தங்கமானவர், ஒரே குறை, வேலை தொலைவில், ஜொகூரில்" என்கிறோமே, அந்தக் குறைதான் டிராபேக். ஜொகூரில் வேலை பார்ப்பது தீமையா? கல்யாணம் தள்ளிப்போனால் அது பின்னடைவு, ஆங்கிலத்தில் செட்பேக். அது ஒருநாள் நேர்வது. குறையோ கூடவே இருப்பது. மற்றபடி நல்லது என்று ஒப்புக்கொண்ட ஒன்றைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறோம். எதையும் நன்மை, தீமை என்று இரண்டாகப் பிளக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோமே என்று எனக்கு வருத்தம்.

சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இதே சொல்லை நான் வேறு பொருளில் பழகியவன். தீர்வை கட்டி இறக்கிய சரக்கை மறுபடி வெளிநாட்டுக்கு ஏற்றினால், கட்டிய பணத்தைச் சுங்கத் துறையிடம் திரும்பக் கேட்கலாம். அதற்கும் பெயர் டிராபேக். 1776இல் வந்த ஆடம் சுமித்தின் 'நாடுகளின் செல்வம்' நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆங்கிலேயர் பினாங்கில் கொடியேற்றப் பத்தாண்டு இருந்தது! நம் தீவு தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்தபோது பெரும்பாலான சரக்குக்குத் தீர்வையே இல்லை, திரும்பக் கேட்க என்ன இருக்கிறது? 1969இல் அந்தத் தகுதி போன பிறகு படிவங்கள் மேசையில் குவிந்தன. வியாபாரி ஆவலோடு காத்திருந்த காசுக்கும், நம்மைத் தயங்க வைக்கும் குறைக்கும் ஒரே சொல். எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

நீ தமிழ் சொல்லிக்கொடுத்தவன், நீயே தீர்த்து வை. 'குறைபாடு' என்றால் எனக்குப் பழுதான சரக்கு நினைவுக்கு வருகிறது. 'பாதகம்' சாதகத்தோடு வந்தால் சரி. தனியே நின்றால் கொடுஞ்செயல்போல ஒலிக்கிறது. பேத்திக்கு 'குறை' என்றே சொல்லியிருக்கிறேன். தவறென்றால் உடனே எழுது, கட்டுரையை இன்னும் ஒப்படைக்கவில்லை.

தைப்பூசத்துக்குக் கட்டாயம் வா. தண்ணீர்மலைக்குச் சேர்ந்து போவோம். ரயிலில் பட்டர்வொர்த் வந்துவிடு, பெர்ரித் துறையில் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்