மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்: கிருஷ்ணகிரி மாவட்ட மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்துக் கடை உரிமையாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்க்காரர்களாகிய நாங்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான்.

சென்ற ஆண்டு என் 6 வயது மகளின் காதுவலிக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமலே ஒரு கடையில் சிரப் வாங்கினேன். அது என் தவறும்கூட. காது சரியானதும் பாட்டிலை எறிந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து, இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுதாள். பிறகு கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமாகி, மலம் வெளுத்தது. தண்ணீரால் வந்த காமாலை என்று நினைத்து, கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தே பத்து நாளைக் கழித்தோம். ஹெபடைடிஸ் கிருமிகள் எதுவும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகு, கடந்த இரண்டு மாதங்களில் கொடுத்த மருந்துகளின் பெயரை மருத்துவர் கேட்டார். தண்ணீர் ஊற்றிக் குலுக்கும் வெள்ளை மருந்து என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரணில் அதன் அட்டைப்பெட்டி அகப்பட்டதால்தான், அது அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த ஆன்டிபயாட்டிக் மருந்து என்று தெரிந்தது.

இந்தக் கூட்டு மருந்து, மிக அரிதாக, சரியான அளவில் கொடுத்தாலும் கல்லீரலைத் தாக்கும். பெரியவர்களை விடக் குழந்தைகளுக்கு இது குறைவு. மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் காமாலை தலைகாட்டக்கூடும் என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே தேறிவிடுகிறார்கள், என் மகளும் தேறினாள்; ஆனால் அதே மருந்தை மறுபடி கொடுத்தால் பாதிப்பு முன்னைவிடக் கடுமையாக வரலாம். நிமோனியா போன்ற நோய்களில் உயிர் காக்கும் மருந்து இது என்பதை நான் அறிவேன். இதைக் கண்டு யாரும் அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பதற்காக நான் எழுதவில்லை.

நான் கேட்பது இதுதான். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்துகளைச் சீட்டில்லாமல் தராதீர்கள். பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டிவிட்டு மாத்திரைகளை மட்டும் கவரில் போடாமல், ஒவ்வொரு கவரிலும் மருந்தின் பெயரையும் தேதியையும் தமிழில் எழுதுங்கள். மருந்தால் வந்த பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம் என்பதைக் கடையில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம், முன்பு எந்த மருந்துக்காவது காமாலையோ அரிப்போ வந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்திலிருந்து ஒரு தாய்