ஒலி எந்த ஆட்டத்துக்கு என்று முதலில் கேள்

அன்புள்ள நிலாவுக்கு,

தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் நாங்கள் மூவரும் சியாட்டில் வருவது உறுதியாகிவிட்டது. இந்த ஆண்டு நம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒஹாயோ ஸ்டேட்டுடன் மோதும் ஆட்டம் அவர்களுடைய ஊரான கொலம்பஸில் நடப்பதால், நம் பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பரில் இருந்தாலும் அதை டிவியில்தான் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்ப்பதை உன்னோடு உட்கார்ந்து பார்க்கலாமே என்று அப்பா சொன்னார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வீட்டிலேயே மடிக்கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்தாய். ஊருக்குப் புதியவளான நீ சனிக்கிழமைதோறும் தனியாக அந்தச் சிறிய திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு மனம் கேட்கவில்லை. ஆகவே நவம்பர் வரை காத்திராமல் இப்போதே, செப்டம்பரிலேயே, நல்ல ஸ்போர்ட்ஸ் பார் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போய்வரத் தொடங்கு. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் திரைகளை எண்ணுகிறார்கள். விளம்பரங்களும் எண்ணிக்கையைத்தான் பெருமையாகச் சொல்கின்றன. நீ தொலைபேசியில் அழைத்தவுடன், மிச்சிகன் ஆட்டத்துக்கு ஒலி வைப்பார்களா என்று முதலில் கேள். சனிக்கிழமையில் ஒரே வேளையில் பல ஆட்டங்கள் நடக்கும். அவை எல்லாவற்றையும் சுவர் முழுக்கக் காட்டிவிடலாம். ஒலிபெருக்கியில் ஒன்றைத்தான் வைக்க முடியும். ஒலியில்லாமல் பார்த்தால் ஆட்டத்தில் பாதி போய்விடுகிறது. விதிமீறலைக் காட்டும் மஞ்சள் கொடி விழுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது எதற்காக விழுந்தது என்பதை நடுவர் தன் மைக்கில் அறிவிக்கும்போதுதான் அறிகிறோம்: எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்கான 10 யார்டா, பாஸைப் பிடிக்கவிடாமல் தடுத்ததற்கான 15 யார்டா, அல்லது தலையைக் குறிவைத்து மோதினார் என்று மறுபார்வை பார்த்து ஆட்டக்காரரையே வெளியேற்றப் போகிறார்களா என்பதெல்லாம் அந்தக் குரலில்தான் இருக்கிறது. சிகாகோவில் ஒருமுறை நண்பர்களோடு ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தபோது, எங்களுக்குப் புள்ளிகள் தந்த டச் டவுன் ஒன்று திடீரென்று செல்லாமல் போயிற்று. ஒலியோ வேறு ஆட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த எல்லோரும் காரணம் தேடிக் கைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள், அதற்குள் அடுத்த மூன்று டவுன்கள், அதாவது பந்தை முன்னேற்றும் முயற்சிகள், முடிந்துவிட்டன.

ஒலியைப் பற்றிக் கேட்டால் ஆட்களைப் பற்றியும் தெரிந்துவிடும் என்பது எனக்கு இன்னும் முக்கியமான காரணம். ஒரு பார் எந்த ஆட்டத்துக்கு ஒலி வைக்கிறதோ அந்த அணிக்காரர்கள்தான் அங்கே கூடுகிறார்கள், அவர்கள் கூடுவதால்தான் ஒலியும் வைக்கப்படுகிறது. 2006 நவம்பர் 18 அன்று நீ மிகவும் சின்னவள். தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டும் இரண்டாம் இடத்தில் இருந்த மிச்சிகனும் கொலம்பஸில் மோதிய நாள் அது. அதற்கு முந்தைய நாள்தான், 1969 முதல் 1989 வரை மிச்சிகனின் பயிற்சியாளராக இருந்த போ ஷெம்பெக்லர் இறந்துபோயிருந்தார். அப்பாவின் அலுவலக நண்பர்கள் எங்களை ஆன் ஆர்பரில் ஒரு பாருக்கு அழைத்துப் போனார்கள். விதிகள் அப்போது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், போ என்ற அந்த மனிதரை அதற்கு முன்னால் நான் பெயரளவில்தான் அறிவேன். ஆட்டத்துக்கு முன் எதிரணியின் மைதானத்திலேயே அவருக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அந்த பாரில் ஒரு கிளாஸ் நகரும் சத்தம்கூட இல்லை, என் பக்கத்தில் நின்ற முதியவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். 42-39 என்று தோற்றோம். தோற்ற பிறகும் யாரும் உடனே கிளம்பவில்லை, அறியாத மனிதர்கள் எங்களுக்கு ஒவ்வோர் ஆட்டப்போக்கையும் திரும்ப விளக்கிச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் எனக்கு இந்த விளையாட்டின் மேல் பற்று வந்தது. 2021இல் பனி கொட்டக் கொட்ட நீ மாணவர் பகுதியில் நின்று ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான 42-27 வெற்றியைப் பார்த்தாய்; ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நடுவில் நின்று பார்த்த உனக்கு, தனியறையில் பார்க்கும் ஆட்டம் எவ்வளவு சப்பென்றிருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

ஆகையால் மிச்சிகன் பழைய மாணவர் மன்றத்திடம் முதலில் விசாரி. பெருநகரங்களில் பல்கலைக்கழக மன்றங்கள் ஒரு பாரோடு பேசி வைத்துக்கொண்டு, பருவம் முழுக்க அங்கேயே கூடுவது வழக்கம்; அப்படிப்பட்ட இடத்தில் ஒலியைப் பற்றி நீ வாதாட வேண்டியதே இல்லை. சியாட்டிலில் இது கூடுதலாகத் தேவைப்படும், ஏனென்றால் அது வாஷிங்டன் பல்கலைக்கழக அணியான ஹஸ்கீஸின் ஊர். 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் அவர்களை 34-13 என்று வென்றுதான் நாம் தேசியப் பட்டம் பெற்றோம். அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் தங்கள் மைதானத்தில் நம்மை 27-17 என்று வென்றார்கள். இப்போது இரண்டு அணிகளும் பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பில்தான் இருக்கின்றன. பல்கலைக்கழகப் பகுதியில் இருக்கும் பார்களில் ஹஸ்கீஸின் ஊதா நிறம்தான் நிறைந்திருக்கும், அது அவர்கள் உரிமை. ஹஸ்கீஸ் தங்கள் ஊரில் ஆடும் நாளில் அந்தப் பக்கமே போகாதே, லிங்க் நகர ரயிலிலும் நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற பாராகப் பார். நீ குடிப்பதும் குடிக்காததும் உன் விருப்பம், ஆனால் ஆட்டம் முடிந்து யாரும் கார் ஓட்டும் நிலை வரக்கூடாது.

அடுத்தது நேரம். 2019 முதல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி தன் பெரிய ஆட்டத்தைக் கிழக்குப் பகுதி நேரப்படி நண்பகலில் வைக்கிறது, ஒஹாயோ ஸ்டேட் ஆட்டமும் வழக்கமாக அந்த நேரத்தில்தான் தொடங்கும். உனக்கு அது காலை ஒன்பது மணி. வாஷிங்டன் மாநிலத்தில் காலை ஆறு மணியிலிருந்தே மது பரிமாறச் சட்டம் அனுமதிக்கிறது என்பதால் கதவைத் திறப்பதில் தடையில்லை. ஆனால் பல இடங்கள் பதினொரு மணிக்குத்தான் திறக்கின்றன, திறந்த இடத்திலும் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள். எனவே, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், சமையலறை எப்போது தொடங்கும் என்று இரண்டையும் தனித்தனியே கேள். பருவத்தின் மற்ற ஆட்டங்களுக்குத் தொடக்க நேரம் பெரும்பாலும் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படும், சில வாரங்களில் ஆறு நாட்களுக்கு முன்புதான் தெரியும். அதனால் திங்கட்கிழமை நேரத்தைப் பார்த்துவிட்டு, கூட்டமில்லாத புதன் அல்லது வியாழன் பிற்பகலில் பாருக்கு அழைத்துப் பேசு. சனிக்கிழமை காலையில் அழைத்தால் எடுக்கவே ஆள் இருக்காது.

தம்பிக்குப் பதினேழு வயதுதான் என்பதை மறந்துவிடாதே. உங்கள் மாநிலத்தில் இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் பார் பகுதிக்குள் நுழையவே கூடாது; பெற்றோர் உடன் இருந்தாலும் அனுமதி இல்லை. உணவகமாக உரிமம் பெற்று, சாப்பாட்டுப் பகுதியைத் தனியாக வைத்திருக்கும் இடமாக இருந்தால் அவன் அந்தப் பகுதியில் நம்மோடு உட்காரலாம். அங்கே எத்தனை திரைகள் தெரியும், அங்கேயும் அதே ஒலி கேட்குமா என்று நேரில் போய் உட்கார்ந்து பார்த்துவிடு. பல இடங்களில் நல்ல திரைகள் எல்லாம் பார் பகுதியில் இருக்கும், குடும்பங்களுக்கு மூலையில் ஒன்று மாட்டியிருப்பார்கள். மன்றம் கூடும் இடம் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றால், நவம்பர் ஆட்டத்துக்கு நாம் வேறு இடம் போவோம். நீ மற்ற சனிக்கிழமைகளில் மன்றத்தோடு இரு.

சாப்பாட்டைப் பற்றி அப்பாவுக்காகக் கேட்கிறேன். உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானே என்று நினைப்போம், ஆனால் சிக்கன் விங்ஸ் பொரித்த அதே எண்ணெயில்தான் பல இடங்களில் அதையும் பொரிக்கிறார்கள். நாச்சோஸில் ஊற்றும் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். தனி எண்ணெய்ச் சட்டி உண்டா என்று கேட்டால் நல்ல சமையலறைக்காரர்கள் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் சூடான பிரெட்சலும் சீஸ் கேசடியாவும் இருந்தால் போதும், அப்பா மூன்றரை மணி நேரம் தாங்குவார்.

ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் ஃபாக்ஸில் வந்தால் எந்த பாரிலும் தெரியும். மற்ற வாரங்களில் சிக்கல் உண்டு: பிக் டென் ஆட்டங்கள் 2023 முதல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்று பிரிந்துவிட்டன, சில ஆட்டங்கள் பீகாக் என்ற இணையச் சந்தா ஒளிபரப்பில் மட்டுமே வருகின்றன. 2023 பருவத்தின் முதல் ஆட்டமே, ஈஸ்ட் கரோலினாவுடன் ஆடியது, பீகாக்கில் மட்டும்தான் வந்தது. வீட்டுக்கு வாங்கிய சந்தாவைக் கடையில் காட்டக்கூடாது, வணிக இடங்களுக்கென்று தனி உரிமம் வாங்க வேண்டும், அதை எல்லா பாரும் வாங்குவதில்லை. இணையம் வழியாக வரும் ஒளிபரப்பு ஆன்டெனாவிலும் கேபிளிலும் வருவதைவிடப் பல நொடிகள் பிந்தியும் வரும். முன்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கத்திய பிறகு நம் திரையில் பந்து வீசப்பட்டால் எரிச்சலாக இருக்கும், ஆகவே எல்லாத் திரைகளும் ஒரே இணைப்பில் ஓடுகின்றனவா என்று கவனி. காலை ஆட்டம் என்பதால் கண்ணாடிச் சன்னலுக்கு எதிரே புரொஜெக்டர் வைத்திருக்கும் இடம் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும்.

மேசையை முன்பதிவு செய்ய விடுவார்களா என்று கேள். விடாவிட்டால் எட்டு மணிக்கே போய் நின்றுவிடுவோம். நான்கு பேர் ஒரு மேசையை அரை நாள் பிடித்துக்கொண்டால், அந்த மேசைக்குப் பரிமாறுகிறவருக்கு வேறு வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். சாப்பிட்டது குறைவாக இருந்தாலும் உட்கார்ந்த நேரத்தைக் கணக்கில் வைத்து டிப்ஸ் கொடுக்க வேண்டும், இருபது சதவீதத்துக்குக் குறையாமல், முடிந்தால் அதற்கு மேலும். செப்டம்பரிலிருந்தே நீ அப்படிக் கொடுத்துப் பழகினால் அவர்கள் உன் முகத்தை நினைவில் வைத்திருப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை மன்றத்தினர் கூடும் இடத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்து எழுது. தம்பியை உள்ளே விடுவார்களா என்பதையும், எண்ணெய்ச் சட்டி விவரத்தையும் மறக்காமல் கேட்டுக்கொள். இரண்டாவது இடம் ஒன்றைத் தேட வேண்டுமானால் அக்டோபருக்குள் தேடிவிடலாம்.

அன்புடன்,
அம்மா